அறுபத்தாறாம் நெடுஞ்சாலையின் மேற்கு எல்லை

1926இல் எண்ணிடப்பட்ட அமெரிக்க அறுபத்தாறாம் நெடுஞ்சாலை, சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர் நீண்டு, 1930களில் வறட்சியும் புழுதிப் புயலும் விளைநிலத்தைக் கெடுத்ததாலும், டிராக்டர் வரவால் குத்தகை நிலம் பறிபோனதாலும் ஓக்லஹோமா முதலிய மாநிலங்களை விட்டுப் புறப்பட்ட உழவர் குடும்பங்களுக்குப் பிழைப்புத் தேடும் வழியாயிற்று. மெத்தையையும் பாத்திரங்களையும் பழைய காரின்மேல் கட்டிக்கொண்டு வந்தோர், எஞ்சின் கொதித்து நின்றுவிடும் என்றஞ்சி, மோஹாவி பாலைவனத்தை இரவிலேயே கடக்க விரும்பினர்.

ஆயினும் அப்பயணத்தின் கொடிய கட்டம் பாலைவனம் அன்று, கலிபோர்னிய மாநில எல்லையே ஆகும். 1936இன் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை, தன் அதிகார வரம்புக்கு வெகு தொலைவிலிருந்த எல்லைச் சாவடிகளுக்கு 136 காவலரை அனுப்பி, கையில் பணமோ வேலைக்கான உறுதியோ இல்லாதவரைத் தடுத்து நிறுத்தியது. சொந்த நாட்டுக்குள்ளேயே குடிமக்கள் அயலாராக நடத்தப்பட்டனர்.

வறியவரை, அதாவது பிழைக்க வழியற்றவரை, மாநிலத்துக்குள் அழைத்துவருவதைக் குற்றமாக்கிய கலிபோர்னியச் சட்டம் இத்தடுப்புக்கும் முந்தையது. டெக்சஸிலிருந்து தன் மைத்துனரைக் காரில் அழைத்துவந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட எட்வர்ட்ஸ் என்பவரின் வழக்கில், 1941இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது.