திருப்பதிச் சுவர்களில் எழுதியிருப்பது

திருப்பதிக்குப் போகாத அங்கத்தினர் நம் சங்கத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார். அடியேனும் சிறு வயதில் முடி இறக்கியது முதல் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் ரயில், பஸ், கியூ, தரிசனம், லட்டு, மறுபடி பஸ், ரயில் என்பதோடு சரி. அந்த ஊரை ஒரு ஊராகப் பார்த்ததே இல்லை. எழுபத்து நான்காவது வயதில்தான் அதற்கு வேளை வந்தது.

காரணம் என் கல்லூரி நண்பர். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்த மூன்று வருஷமும் ஹாஸ்டலில் ஒரே அறை. அவர் தாய்மொழி தெலுங்கு. தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின் பூர்வீக ஊரான பாலசமுத்திரத்துக்கே போய்விட்டார். ஒருநாள் டெலிபோனில் கூப்பிட்டார். கண்ணில் க்ளாக்கோமாவாம். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது; சொட்டு மருந்தால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஸ்வாமியைக் கண்ணை மூடிக்கொண்டும் சேவிக்கலாம். கல்லைப் பார்க்கக் கண் வேண்டும். ஒரு மூன்று நாள் வந்துவிட்டுப் போ" என்றார். சப்தகிரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் வாங்கினேன். மூட்டுவலி காரணமாக என் மனைவி வரவில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரு பழைய சண்டை உண்டு. திருப்பதி யாருடையது என்பதுதான் அது. எங்கள் வயதுக்காரர்களுக்கு இது வெறும் பேச்சு இல்லை. சித்தூர் ஜில்லா 1911-ல் உருவானது. 1953 அக்டோபர் 1-ந்தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் போயிற்று. ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1-ந்தேதி திருத்தணி மட்டும் நம் பக்கம் வந்தது. ஹாஸ்டலில் நான் வேங்கடத்தை வட எல்லையாகச் சொல்லும் தொல்காப்பியப் பாயிரத்தை எடுப்பேன். அவர் அன்னமாச்சாரியாரை எடுப்பார். விளக்கணைக்கும் மணி அடிக்கும்வரை ஓயாது.

முதல் நாள் சந்திரகிரி. திருப்பதியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் இருக்கலாம். இத்தனை வருஷம் அதன் பக்கத்திலேயே வந்து திரும்பியிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. சாளுவ நரசிம்மன் இங்கிருந்து ஆண்டவன்தான் 1485-ல் விஜயநகர சிம்மாசனத்தைக் கைப்பற்றினான். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் ராஜ்யம் சிதைந்தபின் ராயர்கள் முதலில் பெனுகொண்டாவுக்கும், வேங்கடபதி ராயர் காலத்தில் சந்திரகிரிக்கும் வந்தார்கள். ஆக, ஹம்பியில் தொடங்கிய கதையின் கடைசி அத்தியாயங்களில் ஒன்று இந்தக் குன்றின் அடியில் நடந்திருக்கிறது.

ராஜ மஹால் மூன்று அடுக்கு. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மரமே கிடையாது. ஹம்பிக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே அரண்மனைகளின் கல் பீடங்கள்தான் மிச்சம். மேலே நின்ற மரக்கட்டுமானம் எல்லாம் போய்விட்டது. நெருப்புக்கும் கறையானுக்கும் இரை வைக்காமல் கட்டியதால் இது நிற்கிறது. மேலே கோபுரம் மாதிரி சிகரங்கள், கீழே வளைவுகள் என்று இரண்டு கட்டடக் கலைகளும் கலந்திருக்கின்றன. உள்ளே தொல்லியல் துறையின் மியூசியம். பக்கத்தில் ராணி மஹால் என்று சொல்லப்படுவதன் கீழ்த்தளம் குதிரை லாயமாக இருந்திருக்கலாமாம். ராணி மேலே, குதிரை கீழே என்பது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. பெயர் பின்னால் வந்ததாகவே தோன்றுகிறது.

சென்னைவாசிகளுக்கு இந்த ஊர் ஒரு வகையில் பிறந்த வீடு. 1639 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராஸபட்டினத்தில் கோட்டை கட்டச் சாசனம் கிடைத்தது அல்லவா? அது இந்த மாளிகையில்தான் கையெழுத்தாயிற்று என்று உள்ளூரில் சொல்கிறார்கள். ஃபிரான்சிஸ் டேக்கு அதைக் கொடுத்தவர் ராயர் இல்லை. அவருக்குக் கீழ் இருந்த தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர். பிறகு 1645-ல் ஸ்ரீரங்க ராயர் உறுதிப்படுத்தினார். வம்சத்தின் கடைசி ராயர் அவர். அடுத்த சில வருஷங்களில் கோல்கொண்டா படை வந்துவிட்டது. ராஜ்யம் போகிற தறுவாயில் கொடுத்த கடற்கரை மணல்தான் நம் ஜார்ஜ் டவுன். நண்பர் சும்மா இருப்பாரா? "பார்த்தாயா, உன் மதராஸே எங்கள் சந்திரகிரி போட்ட பிச்சை" என்றார். நல்லவேளை, மணி ஒன்றாகிவிட்டதால் சாப்பிடப் போனோம்.

மறுநாள் திருமலை. மலைப்பாதையில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு பாறைச் சரிவைக் காட்டினார். அவர் பௌதிகம் படித்துவிட்டு நாற்பது வருஷம் பூகோளமும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தவர். கீழே இருப்பது மிகப் பழைய கருங்கல் பாறை. மேலே கிடைமட்டமாகப் படிந்திருப்பது குவார்ட்சைட். இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டில் சுமார் ஐம்பது கோடி வருஷம் காணாமல் போயிருக்கிறது. அந்தக் காலத்தில் படிந்தது எதுவும் மிச்சமில்லை, அல்லது படியவே இல்லை. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இதைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. மேலே சிலாதோரணம் என்ற இயற்கைக் கல் வளைவும் அப்படியே. எட்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம். எத்தனை லட்சம் பேர் கோவிந்தா சொல்லிக்கொண்டு அந்தக் கோட்டைத் தாண்டிப் போகிறோம்! நானும் அதைப் பார்த்தது அன்றுதான்.

கோயிலுக்குள் நுழைந்ததும் வலது கைப்பக்க மண்டபத்தில் கிருஷ்ணதேவராயர் திருமலாதேவி, சின்னாதேவி இருவருடன் கைகூப்பி நிற்கும் சிலைகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1513 முதல் 1521 வரை ஏழு தடவை வந்தவர் அவர். தந்தவற்றைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று பல மொழிகளிலும் கல்லில் பதிவு செய்தார். அவருக்கு ஐந்நூறு வருஷத்துக்கும் மேல் முந்தியவள் பல்லவர் குலத்துச் சாமவை. 966-ம் வருஷத்தியது என்று சொல்லப்படும் அவள் கல்வெட்டு, பெருமாளுக்கு ஒரு வெள்ளித் திருமேனி செய்துவைத்து, அதற்கு ஆபரணங்களும் நிலமும் விட்டதைச் சொல்கிறது. போக ஸ்ரீநிவாசர் என்ற அந்தச் சிறிய மூர்த்தி இன்றும் நித்தியப்படி உபயோகத்தில் இருக்கிறார். ஆயிரம் வருஷம் கழித்தும் செல்லுபடியாகும் ஒரு கணக்குப் பதிவு! பொதுப்பணித் துறையில் பாசனக் கணக்குகளைப் பார்த்தே தலை நரைத்தவன் நான். இதைக் கேட்டதும் எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது.

எங்கள் பழைய சண்டைக்கு வருகிறேன். திருமலை, திருப்பதி, திருச்சானூர் மூன்றிலுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகளைச் சாது சுப்பிரமணிய சாஸ்திரியும் மற்றவர்களும் படியெடுத்தார்கள். தேவஸ்தானம் 1930-களில் தொகுதிகளாக வெளியிட்டது. தெலுங்கும் கன்னடமும் சுமார் ஐம்பதுதான். மற்றவை பெரும்பாலும் தமிழ், அதுவும் விஜயநகர ராயர்கள் ஆண்ட காலத்திலும்! இதைச் சொல்லி நான் மார்தட்டியபோது நண்பர் அமைதியாகச் சொன்னார்: "1922-ல் கோயில் அறைக்குள்ளிருந்து செப்பேடுகள் எடுத்தார்களே, அன்னமாச்சாரியார் கீர்த்தனைகள், பெரும்பாலும் தெலுங்கு. கணக்கு உங்கள் பாஷையில், பாட்டு எங்கள் பாஷையில். ஸ்வாமிக்கு இரண்டும் வேண்டியிருந்தது." ஹாஸ்டலில் எங்கள் இருவருக்குமே இது தோன்றவில்லை.

மாலையில் கீழே கோவிந்தராஜ ஸ்வாமி கோயிலுக்கு வந்தோம். இந்தக் கோயிலை ராமானுஜர் ஏற்படுத்தினார் என்றும், அதைச் சுற்றித்தான் ஊரே வளர்ந்தது என்றும் சொல்வார்கள். மேலே போல் நெரிசல் இல்லை. சுவரின் அருகே நிற்க முடிந்தது. நண்பர் பூதக்கண்ணாடி கொண்டுவந்திருந்தார். நடுப்பார்வை மட்டும் இருப்பதால் அவருக்கு ஒவ்வோர் எழுத்தாகத்தான் தெரியும். தெரிந்தாலும் தமிழ் படிக்க வராது. நான் விரல் வைத்துப் படித்தேன். கிரந்தமும் தமிழும் கலந்த எழுத்து, இடையிடையே பொரிந்து போயிருக்கிறது. பாதிக்கு மேல் எனக்கும் ஓடவில்லை. ஆனால் அச்சிட்ட தொகுதியில் படித்திருந்த ஒரு சொல் கண்ணில் பட்டது: விட்டவன் விழுக்காடு.

அங்கத்தினர்கள் பொறுத்துக்கொண்டால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். ஒருவர் கோயிலுக்குப் பணம் கொடுக்கிறார். அதை உண்டியல் மாதிரி பூட்டி வைக்கவில்லை. கோயில் நிர்வாகிகளான ஸ்தானத்தார் அந்தத் தொகையைக் கோயில் கிராமங்களில் ஏரியும் கால்வாயும் வெட்டப் போடுவார்கள். புதுத் தண்ணீரால் விளைச்சல் கூடும். அந்தக் கூடுதல் வருமானத்திலிருந்து கொடுத்தவர் பேரில் குறிப்பிட்ட நாளில் தளிகை நடக்கும். இத்தனை மரக்கால் அரிசி, இத்தனை நாழி நெய், பருப்பு, மிளகு என்று எல்லாம் கல்லிலேயே உண்டு. அதிரசப்படி, வடைப்படி, அப்பப்படி என்று பணியாரங்களும் வருகின்றன. லட்டு பின்னால் வந்தது. நிவேதனமான பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு. அதுதான் விட்டவன் விழுக்காடு. பர்டன் ஸ்டைன் என்ற அமெரிக்க சரித்திர ஆசிரியர் 1960-ல் இந்த ஏற்பாட்டைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். மூலதனம் மண்ணில், வருமானம் மடைப்பள்ளியில்! எங்கள் துறையில் எத்தனையோ திட்டக் குறிப்புகள் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக, பலன் யாருக்கு என்று இவ்வளவு தெளிவாக எழுதிய ஒன்றைப் பார்த்ததில்லை.

நண்பர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்கள் பக்கம் எத்தனை ஊருக்குச் சமுத்திரம் என்று பெயர், கவனித்தாயா?" என்றார். ஊர்ப்பெயரில் வரும் சமுத்திரம் பெரும்பாலும் ஏரிதான். அவருக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. பிள்ளைகள் அதை விற்றுவிட்டுத் தங்களோடு வந்துவிடச் சொல்கிறார்கள். வரத்துக் கால்வாய் முள் மண்டிக் கிடப்பதால் நல்ல மழை வருஷத்திலும் தண்ணீர் முழுதாக வருவதில்லை. ஊர்க்காரர்கள் வரி போட்டுச் சுத்தம் செய்யலாமா என்று பேச்சு. இவர்தான் வயதாகிவிட்டது என்று ஒதுங்கியிருந்தாராம். "சுவரில் இருப்பதை முன்னாலேயே யாராவது எனக்குப் படித்துச் சொல்லியிருக்கலாம்" என்றார். நான் என்ன பதில் சொல்வது? படிக்கத் தெரிந்தவர்கள் நாங்களே கியூவில் நின்று அந்தச் சுவர்களில் சாய்ந்துகொண்டு வந்தவர்கள்தானே!

மூன்றாம் நாள் குடிமல்லம். கோயிலின் கருவறை கஜபிருஷ்டம், அதாவது யானையின் முதுகு வடிவம். உள்ளே ஐந்தடி உயர லிங்கம். அதில் குள்ளன் ஒருவன்மேல் நிற்கும் சிவன், கையில் ஆடு, தோளில் பரசு. கி.மு. 2 அல்லது 1-ம் நூற்றாண்டு என்று பலரும் கணிக்கிறார்கள். கோபிநாத ராவ் 1911 வாக்கில் இதைப் பற்றி எழுதி உலகறியச் செய்தார். பூணூல் இல்லை என்பதையும் அவர் கவனித்திருக்கிறார். நம் அங்கத்தினர்கள் விசாரப்பட வேண்டாம், மிகப் பழைய சிற்பங்களில் அது காணப்படுவது அபூர்வம். நாங்கள் போனபோது எங்களைத் தவிர அர்ச்சகரும் ஒரு பூனையும்தான். நண்பர் வெகு அருகே போய், முகம், தோள், கால் என்று பகுதி பகுதியாகப் பார்த்தார். கால் மணிக்கு மேல் ஆயிற்று. அர்ச்சகர் அவசரப்படுத்தவில்லை.

அன்று மாலையே நான் ரயில் ஏறிவிட்டேன். அவர் நிலத்தை இன்னும் விற்கவில்லை. கால்வாய்க்காக ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு வசூலை ஆரம்பித்திருக்கிறாராம். முதல் பக்கத்தில் என் பெயரும் இருக்கிறது. வாரம் ஒருநாள் ராத்திரி எட்டரை மணிக்கு நான் தொகுதியிலிருந்து ஒரு கல்வெட்டை டெலிபோனில் படிக்கிறேன். அவர் பேத்தி அதைத் தெலுங்கில் பெரிய எழுத்தாக எழுதிக்கொள்கிறாள். இதுவரை பதினொன்று ஆகியிருக்கிறது. போன வாரம் ஏரி வெட்டியதைப் பற்றிய ஒன்று வந்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.