பார்ப்பவரா, செய்பவரா?

வீடியோ விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "படத்தில் பிள்ளை வெறுமனே பார்க்கிறான். விளையாட்டில் அவனே அல்லவா சுடுகிறான்?" நியாயமான கேள்வி. ஆனால் புதிய கேள்வி அன்று. 1976இலேயே அது எழுந்துவிட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு ‘டெத் ரேஸ் 2000’ என்றொரு ஹாலிவுட் படம் வந்தது. பாதசாரிகளைக் காரால் மோதிப் புள்ளி சேர்ப்பதுதான் அதில் பந்தயம். 1976இல் கலிஃபோர்னியாவின் எக்ஸிடி நிறுவனம், காசு போட்டு ஆடும் ‘டெத் ரேஸ்’ இயந்திரத்தை வெளியிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பி, கறுப்பு வெள்ளைத் திரையில் ஓடும் குச்சி உருவங்களை மோத வேண்டும். மோதினால் ஓர் அலறல், அந்த இடத்தில் ஒரு கல்லறைச் சிலுவை. அவை மனிதர்கள் அல்ல, ‘கிரெம்லின்’ என்னும் குட்டிப் பூதங்கள் என்றது நிறுவனம். ஆனால், தயாரிப்பின்போது ஆட்டத்துக்கு இட்டிருந்த பெயரே ‘பாதசாரி’! பிறகு யார் நம்புவார்?

இன்று அந்தத் திரையைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அன்று நாளேடுகள் கொதித்தன. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் உளவியலாளர், தொலைக்காட்சி பார்ப்பவர் வெறும் பார்வையாளர், இங்கோ ஆடுபவரே வன்முறையில் பங்கெடுக்கிறார் என்று எச்சரித்தார். விபத்துகளைத் தடுப்பதற்கென்றே இயங்கும் அமைப்பு அது. அவர்களுடைய கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். வேடிக்கை என்னவென்றால், செய்தி பரவப் பரவ அந்த இயந்திரத்தின் விற்பனை கூடியது.

1993 டிசம்பரில் ‘மோர்ட்டல் காம்பாட்’ செனட் சபையின் விசாரணைக்கு வந்தது. அடுத்த ஆண்டே நிறுவனங்கள் தாங்களாகவே வயதுத் தர முத்திரை போடத் தொடங்கின. கலிஃபோர்னியாவுக்கு அது போதவில்லை. வன்முறை விளையாட்டுகளைச் சிறார்க்கு விற்கக்கூடாது என 2005இல் சட்டம் போட்டது. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் அதைத் தள்ளுபடி செய்தது. திரைப்படம், வானொலி நாடகம், காமிக்ஸ் எல்லாமே ஒரு காலத்தில் இதே பழியைச் சுமந்தவைதாம் என்றார் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா. கதையின் போக்கை வாசகரே தெரிவு செய்யும் சிறுவர் புத்தகங்கள் 1969லிருந்தே உண்டு என்றும் நினைவூட்டினார். தீர்ப்பின் முடிவை ஏற்ற நீதிபதி அலிட்டோவோ, இந்த விளையாட்டுகள் புத்தகத்தைப் போன்றவைதாமா என்பதில் அவசரப்பட வேண்டாம் என்று தனியே எழுதினார். அவருடைய தயக்கம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

சிங்கப்பூரில் 2007 நவம்பரில் ‘மாஸ் எஃபெக்ட்’ விளையாட்டு தடை செய்யப்பட்டது நினைவிருக்கலாம். காரணம் வன்முறை அன்று. ஒரு பெண்ணுக்கும் வேற்றுக்கிரகப் பெண்ணுக்கும் இடையிலான காதல் காட்சி. அந்தக் காட்சி தானாக வராது. ஆடுபவர் அந்த வழியைத் தெரிவு செய்தால்தான் வரும். அங்கேயும் அதே பழைய கேள்வி! சில நாள்களிலேயே ஊடக மேம்பாட்டு ஆணையம் தடையை நீக்கி, எம்18 முத்திரையுடன் அனுமதித்தது. 2008இல் விளையாட்டுகளுக்கு வயதுத் தர முறையும் வந்தது. எம்18 விளையாட்டு வாங்க வருபவரின் வயதைக் கடைக்காரர் பார்த்தாக வேண்டும். அமெரிக்க நீதிமன்றம் பின்னர் கூடாது என்றதை, இங்கே மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கடைக்காரர்கள் செய்யத் தொடங்கியிருந்தார்கள்.