தேரிக்காட்டில் எழுந்த திருக்கோயில்

கால்டுவெல் ஐயர் என்றதும் தமிழர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது, 1856-ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமே. அந்நூலின் பெருமையைத் தமிழ்ச் சங்க மேடைகளில் அறிஞர் பலர் எடுத்துரைத்துள்ளனர். ஆயின், அந்நூலாசிரியர் தம் வாழ்நாளின் பெரும் பகுதியை இலக்கண ஆராய்ச்சியில் மட்டும் கழித்தவரல்லர்; ஒரு சிற்றூர்ச் சேகரத்தின் குருவாகக் கழித்தவர். அச்சேகரத்தின் கதையும், அங்கே எழுந்த ஆலயத்தின் கதையும் இலக்கணத்தின் நிழலில் மறைந்து கிடக்கின்றன. அவற்றையே ஈண்டுக் கூறப் புகுந்தேன்.

திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியில், திசையன்விளைக்கு அணித்தே உள்ளது இடையன்குடி. சுற்றிலும் செம்மணல் பரந்த தேரிக்காடு. மழை குறைவு, நெல் விளையும் வயலும் அரிது. பனையே அந்நாட்டின் கற்பகத் தரு. ஆடவர் விடியுமுன் எழுந்து காலையும் மாலையும் முப்பது நாற்பது மரம் ஏறி இறங்குவர். பெண்டிர் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்பர். பதநீர்க் காலம் ஓய்ந்துவிட்டால் வீட்டில் கடனே மிஞ்சும். உழைப்புக்கேற்ற ஊதியமும் இல்லை. உழைப்பவர்க்கு உரிய மதிப்பும் இல்லை.

இச்சீமையில் கிறிஸ்தவ சபைகள் தழைத்ததற்கும் ஊர்கள் புதிதாகத் தோன்றியதற்கும் நெருங்கிய தொடர்புண்டு. மதம் மாறியவர் துன்புறுத்தப்பட்டபோது அவர்களுக்கென்று நிலம் வாங்கிக் குடியமர்த்தும் வழக்கம் ஏற்பட்டது. 1799-இல் தாவீது சுந்தரானந்தம் என்னும் தமிழ் உபதேசியாரின் முயற்சியால் அமைந்த முதலூர் அவற்றுள் முந்தியது. அதன் பெயரே அதனைச் சொல்லும். 1830-இல் ரேனியஸ் ஐயர் நிறுவிய தர்ம சங்கமும் இவ்வகை நிலங்களை வாங்குவதற்கென்றே எழுந்தது. ஆகவே அங்கே கோயில் என்பது வழிபடுமிடம் மட்டுமன்று. அண்டியவர்க்குக் குடியிருப்பும் அதுவே, காவலும் அதுவே.

அயர்லாந்தில் 1814-இல் பிறந்த ராபர்ட் கால்டுவெல், 1838-இல் இலண்டன் மிஷனைச் சார்ந்து சென்னைக்கு வந்தார். பின்னர் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த எஸ்.பி.ஜி. சங்கத்தில் இணைந்தார். 1841-இல் சென்னையினின்று கால்நடையாகப் புறப்பட்டு, தஞ்சை, திருச்சி முதலிய ஊர்களைக் கண்டு, நீலகிரியில் உதவிக் குருப்பட்டம் பெற்று, மதுரை வழியே அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். பல்லக்கில் செல்லாது நடந்து வந்த வெள்ளையரை வழிநெடுக மக்கள் வியப்போடு நோக்கியிருப்பர். மக்களையும் அவர்தம் பேச்சையும் அறிவதற்கு அதனினும் சிறந்த பள்ளி வேறில்லை.

ஒரு சிறு சபை அங்கு முன்னரே இருந்தது. ஊர் ஒழுங்கின்றிக் கிடந்தது. ஐயர் முதலில் கோயிலுக்குக் கடைகால் இடவில்லை. நிலத்தை அளந்து தெருக்களை நேராக வகுத்தார், கிணறுகள் தோண்டுவித்தார், மரங்கள் நடுவித்தார், பள்ளிக்கூடம் அமைத்தார். சுற்றூர்ச் சபைகளை உபதேசிமார் கவனித்தனர். இவ்வுபதேசிமாரைப் பற்றி நூல்கள் மிகுதியாகப் பேசவில்லை. மெய்யாகவே சேகரத்தைத் தாங்கிய தூண்கள் அவர்களே. எழுத்தறியாதவர்க்குக் கர்த்தருடைய ஜெபத்தையும் பத்துக் கற்பனைகளையும் வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுப்பதும், நோயுற்றவரைக் காண்பதும், வழக்குத் தீர்ப்பதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வருவதும் அவர்தம் அன்றாடப் பணி. சோறு வடிக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைக் கோயிலுக்கென்று எடுத்து வைக்கும் பழக்கம் திருநெல்வேலிச் சபைப் பெண்டிரிடம் வேரூன்றியதும், ஏழைச் சபைகள் தம் காலில் நிற்கக் கற்றுக்கொண்ட கதையின் ஒரு பகுதியே.

1844-இல் ஐயர் எலிசா மால்ட் அம்மையாரை மணந்தார். நாகர்கோவிலில் மிஷனரியாக விளங்கிய சார்லஸ் மால்ட் ஐயரின் மகளார் அவர். தமிழ் மண்ணில் பிறந்து வளர்ந்தமையால் தமிழ் அவருக்குத் தாய்மொழி போன்றது. இலக்கணம் எழுதிய கணவரைக் காட்டிலும் பேச்சுத் தமிழில் மனைவியாரே வல்லவர் என்று கருத இடமுண்டு. அவர் பெண்களுக்கென்று விடுதிப் பள்ளி தொடங்கினார். பின்னல் லேஸ் வேலையையும் கற்பித்தார். அவர் அன்னையார் நாகர்கோவிலில் முன்னரே தொடங்கிய தொழில் அது. அங்கே அடிமைப் பெண்கள் லேஸ் பின்னி ஈட்டிய பொருளைக் கொண்டே தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். இடையன்குடியில் கருப்பட்டிப் புகையில் கண் கலங்கிய பெண்டிர் கையில், தாமே சம்பாதித்த காசு முதன்முதலாக விழுந்தது. பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்ற வினாவுக்கு அக்காசு சொன்ன விடை, எந்தப் பிரசங்கத்தினும் வலிமையுடையது.

இனி, மறைக்கத் தகாத ஒரு செய்தியும் உண்டு. 1849-இல் ஐயர் பனையேறும் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் இலங்கையினின்று வந்தேறியவர் என்றும், அறிவிலும் ஒழுக்கத்திலும் தாழ்ந்தவர் என்றும் அதில் எழுதினார். சீமையிலுள்ள நன்கொடையாளரின் இரக்கத்தைத் தூண்ட எழுதினார் என்பர் சிலர். இரக்கத்தைப் பெறுவதற்காக ஒரு மக்களின் மானத்தை விலைபேசலாகாது. மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் பயின்ற அம்மக்களே பின்னர் அந்நூலைப் படித்து வெகுண்டனர், மறுப்பு எழுதினர். நாசரேத்துப் பகுதியில் அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை 1857-இல் ஐரோப்பியக் குருமாரின் ஆட்சியினின்று விலகித் தனிச் சபை கண்டார். அப்பிரிவுக்குக் காரணங்கள் பல. அந்நூலால் விளைந்த புண்ணும் அவற்றுள் ஒன்று. முடிவில் அந்நூல் புழக்கத்தினின்று விலக்கிக்கொள்ளப்பட்டது. தம்மைப் பற்றி எழுதப்பட்டதைத் தாமே படித்து மறுக்கும் தலைமுறையை அச்சேகரப் பள்ளிகளே உண்டாக்கின என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மேலிடுகின்றது.

ஆலயப் பணி 1847-இல் தொடங்கியது. நிறைவுற்று அபிஷேகம் பெற்றது 1880-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள். முப்பத்து மூன்று ஆண்டுகள்! பணம் வந்தபோது சுவர் உயர்ந்தது. வறட்சி வந்தபோது வேலை நின்றது. வரைபடமோ மேனாட்டுக் காதிக் பாணியில் அமைந்தது. கூர்முனை வளைவுகளையும் பூ வேலைப்பாடுள்ள பலகணிகளையும் அவ்வூர்க் கொத்தர் கண்டதே இல்லை. ஐயர் களிமண்ணால் மாதிரிகள் செய்து காட்ட, அவற்றைப் பார்த்துக் கொத்தர் அமைத்தனர் என்பது வரலாறு. தந்தை தொடங்கிய சுவரை மகன் முடித்திருப்பான். ஆலயம் மெல்ல மெல்ல எழுந்தமையாலேயே ஊர் மக்களுக்குச் சொந்தமாயிற்று என்பது என் கருத்து.

அந்நெடுங்காலத்திற்குள் சேகரம் பலவற்றைக் கண்டது. 1877-இல் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் கால்டுவெல் ஐயரும் சார்ஜன்ட் ஐயரும் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றனர். திரும்பி வந்தவரை எதிர்கொண்டது தாது வருஷப் பஞ்சம். கஞ்சியும் மருந்தும் அளிப்பதே அப்போதைய முதற் சமயப்பணியாயிற்று. அந்நாட்களில் ஆயிரக்கணக்கானோர் சபையை நாடினர். பசிக்காக வந்தனரா, நம்பி வந்தனரா என்று அன்றே வினவினர். இரண்டும் இருந்திருக்கும். பஞ்சத்தில் கைவிடாதவரை நம்புவது மனித இயல்பு.

1883-இல் அத்தியட்சர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். 1891-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் கொடைக்கானலில் உயிர் நீத்தார். அவருடலை மலையினின்று இறக்கி, தேரிக்காடு கடந்து கொணர்ந்து, இடையன்குடி ஆலயத்தின் பீடத்தடியிலே அடக்கம் செய்தனர். 1896-இல் திருநெல்வேலி தனி அத்தியட்சாதீனமாயிற்று. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கன் சேகரமாயிருந்த இடையன்குடியும் அதனுள் இணைந்தது. ஐயர் வாழ்ந்த இல்லம் 2011-இல் தமிழக அரசின் நினைவில்லமாயிற்று.

விடுமுறைக்கு ஊர் செல்லும் சங்கத்து அன்பர்கள் திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று செல்லும் வழியில் திசையன்விளைப் பக்கம் திரும்பினால் இடையன்குடியைக் காணலாம். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பீடத்தை வணங்குவோர் வணங்கட்டும். எவராயினும் அப்பலகணிகளைச் சற்று அண்ணாந்து பாருங்கள். அவை பெயர் தெரியாத தேரிக்காட்டுக் கொத்தரின் கைவேலை.