இரண்டெழுத்தின் விலை

அமெரிக்க உழவர்களுக்குப் பெரியதொரு சங்கம் உண்டு. 1919ஆம் ஆண்டில் தோன்றிய 'அமெரிக்கன் ஃபார்ம் பீரோ ஃபெடரேஷன்' என்பது அதன் பெயர். தன் பெயரின் நடுவிலுள்ள 'ஃபார்ம் பீரோ' என்னும் இரு சொற்களின் முதலெழுத்துகளைக் கொண்டு 'எஃப்பி.காம்' என்ற இணைய முகவரியை அது தன்வசம் வைத்திருந்தது. 2010ஆம் ஆண்டில் அந்த முகவரியை ஃபேஸ்புக் நிறுவனம் விலைக்கு வாங்கிக்கொண்டது. கொடுத்த விலை 85 இலட்சம் டாலர்! சங்கத்தார் 'எஃப்பி.ஓஆர்ஜி' என்ற முகவரிக்கு மாறிக்கொண்டனர்.

நிலத்தை வாங்கினால் உழலாம். வீட்டை வாங்கினால் குடியிருக்கலாம். இரண்டே இரண்டு எழுத்துகளுக்கு இத்தனை பணமா? இந்த விலை எங்கிருந்து வந்தது? இதை அறிய வேண்டுமானால் நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

வலையமைப்பில் சேர்ந்துள்ள கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களைக் கொண்டே அடையாளம் காண்கின்றன. எண்களை நினைவில் வைப்பது மனிதருக்குக் கடினம். எனவே பெயர்கள் வந்தன. 1970களில் 'அர்ப்பாநெட்' என்னும் ஆராய்ச்சி வலையமைப்பு அமெரிக்காவில் இயங்கி வந்தது. அதிலுள்ள கணிப்பொறிகளின் பெயர்களையும் எண்களையும் ஒரே பட்டியலாக எழுதிப் பராமரிக்கும் வேலை கலிபோர்னியாவில், எலிசபெத் ஃபெய்ன்லர் என்ற அம்மையாரின் குழுவிடம் இருந்தது. பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. எல்லாக் கணிப்பொறிகளும் ஒரே பட்டியலை நம்பியிருப்பது இயலாது என்று ஆனபோது, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற விஞ்ஞானி அதனைப் பல இடங்களில் பகிர்ந்து வைக்கும் முறையொன்றை வகுத்தார். இன்று நாம் 'டொமைன்' என்று கூறும் பெயர்முறை இதுதான்.

'.காம்' என்று முடியும் முதற்பெயர் 1985 மார்ச் 15ஆம் நாள் பதிவாயிற்று. அது 'சிம்பாலிக்ஸ்.காம்'. அந்த ஆண்டு முழுவதும் பதிவானவை ஆறே பெயர்கள் என்றால் வாசகர்கள் வியப்படையலாம். அந்த ஆறில் மூன்று, மூன்றெழுத்துப் பெயர்கள்: பிபிஎன், எம்சிசி, டிஇசி. ஒருவரும் ஒரு காசும் கொடுக்கவில்லை. கேட்டவர்க்குக் கேட்ட பெயர் கிடைத்தது. 1995 செப்டம்பரில்தான் இரண்டாண்டுக்கு 100 டாலர் என்று கட்டணம் வைத்தார்கள். பொதுப்பணத்தில் வளர்ந்த ஒரு பெயரேடு பின்னாளில் சிலருக்குக் கைமுதலாயிற்று. இது நியாயமா என்று கேட்போர் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான்.

இனி ஒரு சிறு கணக்கு. ஆங்கில எழுத்துகள் 26. ஆகவே ஓரெழுத்துப் பெயர்கள் 26, ஈரெழுத்துப் பெயர்கள் 26ஐ 26ஆல் பெருக்க 676, மூவெழுத்தில் 17,576, நான்கெழுத்தில் 4,56,976. இந்த நான்கெழுத்துப் பெயர்களும் '.காம்' பிரிவில் 2013ஆம் ஆண்டு முடிவதற்குள் தீர்ந்துபோயின. ஓரெழுத்துப் பெயர்களின் கதை தனி. கியூ, எக்ஸ், இசட் ஆகிய மூன்று மட்டும் முன்பே பதிவாகியிருந்தன. எஞ்சிய 23 எழுத்துகளை, பெயர்முறையைப் பிற்காலத்தில் விரிவாக்க நேர்ந்தால் உதவட்டும் என்று, ஜான் போஸ்டல் 1993 டிசம்பரில் யாருக்கும் கொடாமல் ஒதுக்கி வைத்துவிட்டார்.

பொருள் அரிதானால் விலை ஏறும் என்பர். அது முழு உண்மையா? நிஸான் மோட்டார் நிறுவனத்திடம் 'இசட்.காம்' இருந்தது, 'இசட்' என்ற பெயரில் அவர்கள் கார் செய்கிறார்கள் அல்லவா? 2014இல் அதனை டோக்கியோவிலுள்ள ஜி.எம்.ஓ. என்னும் இணைய நிறுவனம் ஏறத்தாழ 68 இலட்சம் டாலருக்கு வாங்கியது. ஓரெழுத்துப் பெயர் ஈரெழுத்துப் பெயரைவிட 26 மடங்கு அரிது. ஆயினும் எஃப்பி-யின் விலையை அது எட்டவில்லை! 2015இல் '360.காம்' என்ற பெயரை வோடஃபோன் நிறுவனம் 1 கோடி 70 இலட்சம் டாலருக்கு விற்றது. வாங்கியது சீனாவின் கீஹூ 360 நிறுவனம். உலகில் வேறு யாருக்கும் அந்த மூன்று இலக்கங்கள் அவ்வளவு தேவைப்பட்டிரா.

அதே ஆண்டில் சீனத்து வணிகர்கள் நான்கெழுத்துப் பெயர்களை வாங்கிக் குவித்தனர். அதில் ஒரு விந்தை: ஆங்கில உயிரெழுத்துகளும் 'வி' என்ற எழுத்தும் இல்லாத பெயர்களுக்கே அவர்களிடம் மதிப்பு. சீன மொழியை ஆங்கில எழுத்தில் எழுதும் 'பின்யின்' முறையில் ஐ, யு, வி என்னும் எழுத்துகளில் எந்த அசையும் தொடங்குவதில்லை. ஏ, இ, ஓ ஆகியவற்றில் தொடங்குபவையும் குறைவு. நான்கு சீனச் சொற்களின் முதலெழுத்துகளாக ஒரு பெயரைப் படிப்பவருக்கு அவற்றால் பயன் சொற்பமே. ஆங்கிலேயர் வாயில் நுழையாத எழுத்துக்கோவை சீனருக்கு நல்ல சரக்காயிற்று!

ஆகவே மதிப்பிடுபவர் முதலில் பழைய விற்பனைகளைப் பார்க்கிறார். பிறகு அந்த எழுத்துகள் யாருடைய பெயருக்குப் பொருந்தும் என்று தேடுகிறார். உண்மையில் இந்த இரண்டாம் வேலைதான் விலையை நிறுத்துகிறது. வாங்கும் பெரிய நிறுவனங்கள் தம் பெயரை மறைத்துத் தரகர் மூலம் பேசுவதும் இதனாலேயே. பணம் நடுவர் ஒருவரிடம் நிற்கும். பெயர் கைமாறிய பின்னரே விற்றவரிடம் போய்ச் சேரும்.

ஆனால் வாங்குபவரைத் தேடுவதற்கும் ஓர் எல்லை உண்டு. 1995இல் ஒருவர் 'பானாவிஷன்.காம்' என்று பதிவு செய்து, அந்தப் பெயருடைய படக்கருவி நிறுவனத்திடம் 13,000 டாலர் கேட்டார். பெயருக்கு ஒரு நியாயம் வேண்டுமே என்று, அந்த முகவரியில் இல்லினாய் மாநிலத்துப் பானா என்ற ஊரின் படங்களை வைத்திருந்தார்! நீதிமன்றம் ஏற்கவில்லை, 1998இல் மேல்முறையீட்டிலும் அவர் தோற்றார். அடுத்த ஆண்டே இதற்கென அமெரிக்காவில் தனிச் சட்டம் வந்தது. பிறருடைய வணிகப் பெயரை அவருக்கே விற்கும் நோக்கத்தோடு பதிவு செய்தால் பெயரையே இழக்க நேரிடும். உழவர் சங்கத்துக்கு அந்த அச்சம் இல்லை. எஃப்பி என்பது அவர்களுடைய சொந்தப் பெயரின் எழுத்துகள்தாமே!

எழுத்து குறைந்தாலே போதும் என்று எண்ணி ஏமாந்தவரும் உண்டு. ஓவர்ஸ்டாக் என்ற அமெரிக்க விற்பனை நிறுவனம் 2010இல் 'ஓ.கோ' என்னும் முகவரியை 3,50,000 டாலருக்கு வாங்கியது. 'கோ' என்பது கொலம்பியா நாட்டுக்குரிய ஈற்றுப் பெயர். விளம்பரம் செய்தார்கள், கலிபோர்னியாவிலுள்ள ஓக்லந்து விளையாட்டரங்குக்கே அந்தப் பெயரைச் சூட்டினார்கள். விளம்பரத்தைப் பார்த்த மக்களோ கைப்பழக்கத்தால் 'ஓ.காம்' என்று தட்டினர். அங்கே கடையும் இல்லை, ஆளும் இல்லை. போஸ்டல் 1993இல் ஒதுக்கி வைத்த 23 எழுத்துகளில் 'ஓ'வும் ஒன்று.