அந்தோனின் மாயே: துரத்தப்பட்டவர்களின் மொழி



ஒரு மக்களை ஒடுக்குபவர்கள் முதலில் நிலத்தைப் பறிக்கிறார்கள். அடுத்து, அம்மக்கள் பேசுவது மொழியே இல்லை என்கிறார்கள். இந்த இரண்டாவது பறிப்பை எதிர்த்து வாழ்நாள் முழுவதும் எழுதியவர் கனடாவின் அக்காடிய எழுத்தாளரும் பேராசிரியருமான அந்தோனின் மாயே.

அக்காடியர்கள், 17ஆம் நூற்றாண்டில் இன்றைய நோவா ஸ்கோஷியாப் பகுதியில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர்கள். பிரிட்டிஷ் அரசுக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தார்கள். 1755இல் நாடுகடத்தல் தொடங்கியது. வீடுகள் கொளுத்தப்பட்டன, குடும்பங்கள் சிதறடிக்கப்பட்டன. கப்பல்களிலும் நோயிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். பிழைத்துத் திரும்பியவர்களுக்குப் பழைய வயல்கள் கிடைக்கவில்லை. பலர் கடலோரங்களில் ஒதுங்கி மீன்பிடித்துப் பிழைத்தார்கள்.

அப்படியொரு கடலோர ஊர்தான் நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தின் பூக்தூஷ். 1929இல் மாயே அங்கே பிறந்தார். அன்று அதிகாரத்தின் மொழி ஆங்கிலம். வீட்டில் பேசிய அக்காடியப் பிரெஞ்சோ, படித்தவர்களின் காதுக்குக் கொச்சை.

லாவல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு இந்த இழிவை நேராகத் தாக்கியது. 16ஆம் நூற்றாண்டின் பெரும் பிரெஞ்சு எழுத்தாளர் ராபெலேயின் சொற்களும் கதை மரபும், பாரிஸ் மறந்துவிட்ட பிறகும், அக்காடிய மீனவர் வாயில் உயிரோடிருப்பதைக் காட்டினார். கொச்சை என்று ஒதுக்கப்பட்டது மூத்த மொழியாக நிமிர்ந்து நின்றது.

அந்த ஆய்வு 1971இல் நூலாக வந்தது. அதே ஆண்டில் ‘லா சாகுவின்’ என்ற தனிமொழி நாடகமும் வந்தது. அதில் பேசுபவள் ஊரார் வீட்டுத் தரையைத் தேய்த்துப் பிழைக்கும் ஒரு கிழவி. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் அவளுடைய தேசிய இனம் எது என்று கேட்கிறார்கள். அமெரிக்கர், கனடியர், பிரெஞ்சுக்காரர் எதிலும் அவள் பொருந்தவில்லை. அக்காடியர் என்றால், அப்படியொரு நாடே இல்லையே என்கிறார்கள். ஆட்சியின் படிவத்தில் தனக்கு இடமில்லை என்பதை அவள் தன் மொழியிலேயே சொல்லிச் சிரிக்கவும் வைக்கிறாள். நடிகை வியோலா லெஜே அவளை மேடையில் வாழவைத்தார்.

1979இல் ‘பெலாஜி லா ஷாரெத்’ நாவலுக்குப் பிரான்சின் கோன்கூர் விருது கிடைத்தது. கனடியர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல்முறை. நாடுகடத்தப்பட்ட ஒரு விதவை ஜார்ஜியாவிலிருந்து மாட்டுவண்டியில் தன் சனத்தைத் தாயகத்துக்கு அழைத்துவரும் கதை அது. பின்னர் அக்காடியர்களின் மாங்டன் பல்கலைக்கழகத்துக்கு 1989 முதல் 2000 வரை வேந்தராக இருந்தார். 2025 பிப்ரவரியில் மறைந்தார்.

ஒரு கேள்வியை நாம் விட்டுவிடக் கூடாது. அக்காடியர் இழந்த நிலம், அவர்களுக்கு முன்பே மிக்மாக் பழங்குடியினரின் நிலம். துரத்தப்பட்டவர்களின் வரலாற்றுக்குள்ளும் குரல் கேட்கப்படாதவர்கள் இருக்கிறார்கள். மாயேயைப் படிக்கும்போது இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆய்வு செய்யப்போகும் மாணவர்களே, மாயே பல்கலைக்கழகத்துக்குள் போகும்போது தன் ஊரின் பேச்சை வாசலில் கழற்றி வைக்கவில்லை. அதையே ஆய்வுப் பொருளாக்கினார், பிறகு அதிலேயே இலக்கியம் படைத்தார். உங்கள் ஆய்வேட்டில் உங்கள் பாட்டியின் சொற்களுக்கு எத்தனை பக்கம் இருக்கும் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள்.