அலுவிகாரை ஏடும் ஓதுவோர் நினைவும்

வட்டகாமணி அபயன் இலங்கையை ஆண்ட கி.மு. முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்வழியே வந்த பௌத்த மறைநூலான திரிபிடகமும் அதன் உரையும் ஏட்டில் ஏறின என்கிறது இலங்கை வரலாற்று நூலான மகாவம்சம். எந்த இடத்தில் என்று அது சொல்லவில்லை. மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரைக் குகையைச் சுட்டுவது 14ஆம் நூற்றாண்டின் நிகாய சங்கிரகம். அன்றோடு மனப்பாடத்தின் காலம் முடிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. தமிழர் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து வருத்திய அந்நாட்களில், மகாநித்தேசம் என்னும் நூல் ஒரே ஒரு பிக்குவின் நினைவில் மட்டும் எஞ்சியிருந்ததாக உரைநூல் சொல்கிறது. அந்த அச்சத்தில் ஏட்டை நாடியவர்கள் நினைவுக்குக் காவல் தேடினார்களே தவிர, அதைக் கைவிடவில்லை.

சுவடிகளே இதற்குச் சாட்சி. பாளிச் சுத்தங்களில், அதாவது புத்தரின் போதனை உரைகளில், ஒரே வாசகம் மீண்டும் மீண்டும் வரும். கண், காது, மூக்கு என்று ஒரு சொல் மட்டும் மாறும். முதல் தடவை முழுதாக எழுதியவர், அடுத்த இடங்களில் ‘பே’ என்று குறித்துவிட்டு நகர்கிறார். பேய்யாலம் எனப்படும் இந்தச் சுருக்கத்தை விரிக்க, ஓதத் தெரிந்த ஒருவர் வேண்டும்.  இது ஒரு வேலைப் பிரிவினை: வடிவம் ஏட்டில், நிரப்பும் சூழல் ஓதுபவரிடம். சுத்தங்களின் தொகுப்புகளுள் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் 7,762 சுத்தங்கள் என்பது உரைமரபின் கணக்கு. அச்சுப் பதிப்புகளில் ஏறத்தாழ 2,900தான். வேறுபாட்டின் பெரும்பகுதி பேய்யாலத்தை விரித்து எண்ணும் முறையால் வந்தது.

இது பிற்காலப் படியெடுப்போரின் ஓலைச் சிக்கனம் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தாளிப்பனை ஓலையை அவித்து, உலர்த்தி, மெருகேற்றி, எழுத்தாணியால் கீறி, மை தடவும் உழைப்பு பெரிது. அலுவிகாரையின் முதல் ஏடுகளோ நம்மிடம் இல்லை. விகாரையின் நூலகமும் 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிந்தது. ஆனால் காந்தாரத்தில் கிடைத்த, கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த பூர்ஜமரப்பட்டைச் சுவடிகளிலும், மீதியை விரித்துக்கொள்ளச் சொல்லும் குறிப்புகள் உள்ளன. ஆகவே பௌத்த எழுத்தின் தொடக்க காலத்திலேயே இந்த வழக்கம் இருந்திருக்கிறது. ஓதுவோர் மரபும் மறக்கப்படவில்லை: இலங்கையில், எழுதி ஐந்து நூற்றாண்டு கழித்து வந்த உரையாசிரியர் புத்தகோசர், தீக நிகாயம் ஓதுவோர் கருத்து ஒன்று, மஜ்ஜிம நிகாயம் ஓதுவோர் கருத்து வேறு என்று தம் உரைகளில் தனித்தனியே பதிவு செய்கிறார்.