சாரி கார்டும் கார்புரேட்டரும்

பழைய சின்ன பைக்கை வாங்கி மாற்றிக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கழற்றி எறிவது சாரி கார்டைத்தான். பின்சக்கரத்தின் இடப்பக்கம் இருக்கும் அந்தக் கம்பிச் சட்டம் போனால் வண்டி கெத்தாக இருக்குமாம். நாற்பத்து நான்கு வயதில், என் முதல் முயற்சியாக, 1991ஆம் ஆண்டு யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றைப் பிரித்துப் போட்டபோது மெக்கானிக் தம்பியும் அதையேதான் சொன்னார்: "அக்கா, மொதல்ல இதத் தூக்கிரலாம்."

தூக்குவதற்கு முன் அந்தக் கம்பியின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் ஒருவர் உட்காரக்கூடிய மோட்டார் சைக்கிளுக்கு மூன்று பொருள்களைக் கட்டாயமாக்குகிறது. பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, கால் வைக்க ஒரு மிதி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் ஒரு தடுப்பு. பின்னால் இருப்பவரின் உடை சக்கரத்தில் சிக்கக்கூடாது என்று காரணமும் சொல்கிறது. விதியில் பெண் என்ற சொல் இல்லை. ஆனால் ஒருபக்கமாகக் கால் போட்டு, மடியில் குழந்தையையும் பையையும் வைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகியபடி உட்கார்ந்திருக்கும் அவளை மனதில் வைத்துத்தான் அது எழுதப்பட்டிருக்கிறது. டேங்கின் வளைவு, ஹேண்டில்பாரின் அகலம், கிக்கரின் உயரம், சீட்டின் உயரம் எல்லாமே ஆணின் உடம்புக்கு அளவெடுத்தவை. முழு வண்டியிலும் பெண்ணுக்காக யோசித்துச் செய்த இடம் அந்த ஒன்றரை அடிக் கம்பிதான்.

அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. எத்தனை கழுத்துகளையும் இடுப்புகளையும் அது காப்பாற்றியிருக்கும். துருவைத் தேய்த்து, கறுப்பு அடித்து, இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டேன். கெத்து கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

பின்சீட்டிலிருந்து பெண் முன்சீட்டுக்கு வந்த கதை நமக்குத் தெரியும். 1984இல் கைனடிக் ஹோண்டா வந்தது. கியர் இல்லை, பட்டனை அழுத்தினால் கிளம்பும். தொண்ணூறுகளில் ஸ்கூட்டி வந்தது. கல்லூரிக்கும் பள்ளிக்கும் வங்கிக்கும் அவை கொண்டுபோய்ச் சேர்த்த பெண்களில் நானும் ஒருத்தி. அந்த வண்டிகளின் நன்மையை யாரும் குறைத்துப் பேசமுடியாது. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. ஸ்கூட்டரின் எஞ்சின் மூடிக்குள் இருக்கிறது. உடையில் எண்ணெய் படக்கூடாது என்பதற்காக 1946இல் வெஸ்பா கண்ட நல்ல ஏற்பாடு அது. நம் ஊரில் அதற்கு இன்னொரு பலனும் உண்டாயிற்று: பதினைந்து வருடம் வண்டி ஓட்டியும் அதன் எஞ்சினை ஒருமுறைகூடப் பார்க்காத பெண்கள் நாம். பெட்ரோல் போடுவது நம் வேலை. மற்றதெல்லாம் அப்பாவுக்கோ தம்பிக்கோ கணவருக்கோ தெரியும்.

இந்த இடத்தில் எனக்கு பியாட்ரிஸ் ஷில்லிங்கின் நினைவு வருகிறது. 1909 மார்ச் 8 அன்று இங்கிலாந்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் ஒரு சின்ன டூ-ஸ்ட்ரோக் ராயல் என்ஃபீல்டை வாங்கி, பிரித்துப் பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொண்டார். மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்ற பெண் பொறியாளரின் நிறுவனத்தில் மூன்று வருடம் மின்கம்பி இழுத்தார். அவர் தூண்டியதால் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1932இல் பட்டம் பெற்றார். 1934இல் ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் தன் கையால் மெருகேற்றிய நார்ட்டனில் மணிக்கு 106 மைல் வேகத்தில் சுற்றி வந்து தங்க நட்சத்திரம் பெற்றார். அதைப் பெற்ற பெண்கள் மூன்றே பேர்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் போர்விமானங்களின் மெர்லின் எஞ்சினில் ஒரு கோளாறு. மூக்கைச் சட்டென்று கீழே தாழ்த்தினால், மிதவை வைத்த கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மேலே எழும்பி, எஞ்சின் திணறி நின்றுவிடும். ஜெர்மன் விமானங்களில் நேரடியாக எரிபொருள் பீய்ச்சும் முறை இருந்ததால் அந்தத் தொல்லை இல்லை, அவை தப்பிவிடும். ஷில்லிங் யோசித்தது நடுவில் துளையிட்ட ஒரு சின்ன உலோகத் துண்டு. எஞ்சினுக்கு அதிகபட்சம் எவ்வளவு எரிபொருள் தேவையோ அவ்வளவு மட்டுமே அந்தத் துளை வழியே போகும். விமானத்தைப் பணியிலிருந்து விலக்காமலேயே பொருத்திவிடலாம். 1941இல் ஒரு சிறு குழுவோடு விமானத்தளம் விமானத்தளமாகப் போய் அதை மாட்டிவைத்தார்.

நன்றியாக அவருக்குக் கிடைத்தது ஒரு பட்டப்பெயர். அந்தத் துண்டுக்கு 'மிஸ் ஷில்லிங்கின் துவாரம்' என்று பெயர் சூட்டினார்கள். அன்பாக வைத்த பெயர் என்றுதான் இன்றும் எழுதுகிறார்கள். அன்பாகவே இருக்கட்டும். உயிரைக் காத்த கருவிக்குக்கூடப் பெண்ணின் உடம்பை வைத்துச் சிரிக்காமல் பெயரிட அந்த அன்புக்குத் தெரியவில்லை.

என் ஆர்எக்ஸும் டூ-ஸ்ட்ரோக். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இருக்கும் கேம், வால்வு வரிசையெல்லாம் இதன் தலையில் கிடையாது. ஹெட்டைத் திறந்தால் பிஸ்டன் தெரியும். முதல்முறை பிரிப்பவருக்கு இதைவிடப் பொறுமையான வாத்தியார் கிடைக்கமாட்டார். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றியபோது மிதவையும், ஓட்டையில் எண் பொறித்த பித்தளை ஜெட்டும் கைக்கு வந்தன. ஓட்டை அளவுக்குமேல் சிறுத்தால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறி பிஸ்டன் பிடித்துவிடும். பெருத்தால் புகைந்து பிளக் கரிபிடிக்கும். துளையின் அளவை வைத்து ஷில்லிங் என்ன செய்தார் என்பது அந்த ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகப் புரிந்தது.

மற்றபடி நான் செய்த மாற்றங்கள் கண்ணுக்குத் தெரியாதவை. சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அடிப்படை அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற விடாது. ஃபிரேமை வெட்டும் ஆசையும் எனக்கு இல்லை. சீட்டின் ஸ்பாஞ்சை இரண்டு விரற்கடை செதுக்கிக் குறைத்தேன்; இப்போது என் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிகின்றன. ஹேண்டில்பாரைத் தளர்த்தி என் பக்கம் சாய்த்தேன். கிளட்ச் லீவரை என் விரல் எட்டும் கோணத்துக்குத் திருப்பினேன். கிக்கர் கால்பலத்தைக் கேட்பதே இல்லை. ஏறி நின்று உடம்பின் எடையை இறக்கினால் போதும் என்பதை மூன்று நாளில் கற்றுக்கொண்டேன்.

கடைசியாகப் பெயர் மாற்றம். ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுக்கவேண்டிய படிவத்தில், பெயருக்கு அடுத்து மகன், மனைவி, மகள் என்று மூன்று சொற்கள், பொருந்தாததை அடிக்கவேண்டும். முதல் இரண்டையும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கட்டைவிரல் ரேகையிலிருந்த எண்ணெய்க் கறை தாளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.